யாரைப் 'பொறுக்கி' என்கிறோம்?

கடந்த வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகை முடிந்து, ஆறு வயது மகனுடன் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் மதிலோரம் ஒரு பெரியவர் வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல்களை எடுத்து உரப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாப்பா, அந்தா பொறுக்கி நிக்காரு" என்றான் மகன்.

அவன் கேலி செய்யவில்லை. 'நிக்காரு' என்று மரியாதையாகத்தான் சொன்னான். பொறுக்குகிறவர் என்பதால் பொறுக்கி என்று நினைத்திருக்கிறான். இலக்கணப்படி அதில் பிழையும் இல்லை. ஆனால் பெரியவரின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அவனுக்கு அந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது? என்னிடமிருந்துதான். வீதியில் குறுக்கே பாயும் மோட்டார் சைக்கிள்காரர்களை நான் அப்படித்தான் ஏசுவேன்.

பொறுக்குதல் என்ற வினைக்கு இரண்டு பொருள்கள் உண்டு. சிதறிக் கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்பது ஒன்று. பலவற்றுள் வேண்டியதைத் தெரிந்தெடுப்பது மற்றையது. என் உம்மா அரிசியைச் சுளகில் பரப்பிக் கல் பொறுக்குவார். அறுவடை முடிந்த வயலில் ஏழைப் பெண்கள் கதிர் பொறுக்குவார்கள். காற்றடித்த மறுநாள் காலையில் மாங்காய் பொறுக்க ஓடாத பிள்ளை உண்டா? நன்றாக எழுதுபவரை, சொற்களைப் பொறுக்கியெடுத்து எழுதுகிறார் என்று பாராட்டுகிறோம். இங்கெல்லாம் இந்த வினையில் எந்த இழிவும் இல்லை.

வினை பெயராகும்போதுதான் இழிவு வந்து ஒட்டிக்கொள்கிறது. சந்தியில் வெறுமனே நின்று, போகிற பெண்பிள்ளைகளைச் சீண்டுபவனைப் பொறுக்கி என்கிறோம். அவன் வாழ்நாளில் குனிந்து எதையும் பொறுக்கியிருக்க மாட்டான். விடியுமுன் எழுந்து உழைக்கும் ஒரு மனிதருக்கு உரிய பெயரை, உழைக்காதவனுக்கு வசையாகக் கொடுத்திருக்கிறோம். அதனால் உண்மையில் பொறுக்கி வாழ்பவரைச் சொல்ல நம்மிடம் ஒரு நல்ல சொல் கூட மிஞ்சவில்லை.

அரபியில் இதற்கு நிகரான வினை 'இல்தகத' என்பது. யூஸுப் நபியைக் கிணற்றில் போட்டால் வழிப்போக்கர் யாராவது எடுத்துச் செல்வார்கள் என்று சகோதரர்களில் ஒருவர் சொல்லும் இடத்தில் குர்ஆன் இந்த வினையைத்தான் கையாள்கிறது. குழந்தை மூஸாவை பிர்அவ்னின் குடும்பத்தார் எடுத்த இடத்திலும் அதே வினைதான். ஸஹீஹுல் புகாரியில், பள்ளிவாசலைப் பெருக்குவதற்கும் அங்கு கிடக்கும் கந்தல், குச்சிகளைப் பொறுக்குவதற்கும் தனியாக ஒரு தலைப்பே இருக்கிறது. பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒருவர் மரணித்ததைத் தமக்கு அறிவிக்கவில்லையே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும், கப்றைக் காட்டச் சொல்லி அங்கு சென்று தொழுததும் அந்தத் தலைப்பின் கீழ்தான் வருகின்றன. அந்த வேலையைச் செய்தவரை மற்றவர்கள் பொருட்படுத்தவில்லை. நபியவர்கள் தேடிப் போனார்கள்.

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. அந்த மேட்டை உயர்த்தியவர்கள் குப்பையைப் போட்டவர்கள், பொறுக்கியவர்கள் அல்லர். பொறுக்கியவர்கள் தங்களால் இயன்றதைக் குறைத்தார்கள். நம் ஊர்களிலும் நிலைமை வேறல்ல. வலீமா முடிந்து நாம் எறிந்துவிட்டுப் போகும் போத்தல்களை மறுநாள் யாரோ ஒருவர்தான் குனிந்து எடுக்கிறார்.

தமிழில் 'பொறுக்க' என்ற சொல்லுக்கு எடுத்துச் சேர்க்க என்றும் பொருள், சகித்துக்கொள்ள என்றும் பொருள். இரண்டும் வெவ்வேறு வினைகள். இந்த உருவில் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. அந்தப் பெரியவர் நம் குப்பையையும் பொறுக்கி, நம் சொல்லையும் பொறுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் சொன்னேன், இனி அப்படிச் சொல்லக்கூடாது, நானும் சொல்ல மாட்டேன் என்று.

"அப்ப அவர எப்பிடிக் கூப்பிடுற, வாப்பா?"

"மாமா எண்டு கூப்பிடு."

"அவர் என்ன வேல செய்றாரு?"

"நாம எறியிறத எடுக்காரு" என்றேன்.

"அப்ப நாம ஏன் எறியிற?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.