மாதக் கணக்கும் மகளிர் நலமும்

நெசவாளர் இல்லத்திலும் உழவர் இல்லத்திலும் கணக்குப் பாராத நாள் இல்லை. எத்தனை சிட்டம் நூல் வாங்கினோம், எத்தனை கைலி சங்கத்தில் சேர்த்தோம், நாற்று விட்டு எத்தனை நாளாயிற்று என்பனவெல்லாம் நமக்கு விரல் நுனியில் இருக்கின்றன. ஆயின் அத்தறிக்குத் தார் சுற்றுகிறவளும், அவ்வயலில் நாற்று நடுகிறவளுமாகிய பெண்ணின் உடலில் மாதந்தோறும் நடைபெறும் ஒழுங்கைப் பற்றி மட்டும் நாம் கணக்கு வைப்பதில்லை. வாய் திறந்து பேசுவதும் இல்லை. மாதவிலக்கு நோயன்று, குற்றமும் அன்று. அதன் இயல்பை ஆடவரும் பெண்டிரும் அறிந்திருப்பது குடும்ப நலனுக்கும் தொழில் நலனுக்கும் இன்றியமையாததாகும்.

உதிரப்போக்குத் தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொண்டு, அடுத்த உதிரப்போக்குக்கு முந்திய நாள் வரையுள்ள காலமே ஒரு சுற்று. 28 நாள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வளர்ந்த பெண்களுக்கு 21 நாள் முதல் 35 நாள் வரை எதுவாயினும் இயல்பே. பூப்பெய்திய முதல் இரண்டொரு ஆண்டுகளிலும், மாதவிலக்கு நின்றுபோகும் வயது நெருங்கும்போதும் இக்கணக்கு முன்பின்னாக மாறுவதுண்டு.

இதனை நம் வயலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதி உழவர்கள் குறுவையும் அறிவார்கள், சம்பாவும் அறிவார்கள். ஒன்று நான்கு மாதத்துக்குள் விளைகிறது; மற்றொன்று ஐந்து மாதம் வரை செல்கிறது. ஆயினும் பூத்த பின் கதிர் முற்றுவதற்கு இரண்டும் ஏறக்குறைய 30 நாளே எடுத்துக்கொள்கின்றன. வேறுபாடெல்லாம் பூப்பதற்கு முந்திய வளர்ச்சிக் காலத்தில்தான். பெண்ணுடலும் இவ்வாறே. சுற்றின் முற்பகுதியில் கருப்பையின் உட்படலம் வளர்கிறது. சினைப்பையில் முட்டை முதிர்கிறது. முட்டை வெளிப்பட்ட பின் கரு உண்டாகாவிடில், ஏறக்குறைய 14 நாளில் அப்படலம் உதிரத்துடன் கழிகிறது. முட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்னதாக என்பதை ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோ 1924-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ஆகவே 28 நாள் சுற்றுடையவளுக்கு 14-ஆம் நாளை ஒட்டியும், 35 நாள் சுற்றுடையவளுக்கு 21-ஆம் நாளை ஒட்டியும் முட்டை வெளிப்படும். எனினும் இக்கணக்கு மாதத்துக்கு மாதம் நழுவக்கூடியது. கருத்தடைக்கு இதனை மட்டும் நம்புதல் தகாது.

நம் முன்னோர் அந்நாட்களில் பெண்ணைத் தனியே இருத்தினர். அதனால் உலக்கையிலிருந்தும் அடுப்பிலிருந்தும் அவளுக்குச் சிறிது ஓய்வு கிடைத்தது உண்மை. ஆனால் அந்த ஓய்வு தீட்டு என்னும் பெயரோடு வந்தது. கொல்லைப்புறத்து ஈரத்தரையும், தனித் தட்டும், தலைகுனிவும் அதன் விலையாயின. ஓய்வைக் காப்போம், இழிவை விலக்குவோம். அதுவே அறிவுடைமை.

இவ்விழிவு எத்துணைத் துன்பம் தருவது என்பதை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு நெசவாளர் குடும்பத்து மைந்தரே. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், கைத்தறி நெய்த பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி, பற்றவைப்புத் தொழில் செய்தவர். 1998-இல் மணம் புரிந்த பின், தம் மனைவி அந்நாட்களுக்கெனக் கந்தல் துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். கடையில் விற்கும் அணையாடையை வாங்கினால் வீட்டுச் செலவுக்குப் பணம் போதாது என்பது அம்மையாரின் விடை. பஞ்சைக் கொண்டு தாமே செய்து பார்த்தார், பயன் தரவில்லை. மரக்கூழின் நாரே ஈரத்தைத் தாங்குகிறது என்பதைக் கண்டறிய அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. அதற்கிடையில் ஊரார் நகைத்தனர். குடும்பத்தாரும் பிரிந்து சென்று, பின்னரே திரும்பினர். மகளிர் குழுக்கள் தாமே இயக்கத்தக்க சிறு இயந்திரங்களை அவர் அமைத்தார். 2016-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

துணியே பயன்படுத்துவோரும் அஞ்ச வேண்டுவதில்லை. பருத்தித் துணி நல்லதே. கஞ்சி போட்டதும் சாயம் போவதுமான துண்டுகளைத் தவிர்த்தல் வேண்டும். நான்கு முதல் ஆறு மணிக்கொருமுறை மாற்றி, குளிர்ந்த நீரில் அலசி, சோப்பிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துக. வெட்கத்தால் கட்டிலடியிலும் கூரையிடுக்கிலும் ஈரத்தோடு ஒளித்து வைப்பதே தீங்கு. நமக்கு அண்மையிலுள்ள ஆரோவில்லில் மகளிர் துவைத்துப் பயன்படுத்தும் பருத்தி அணையாடைகளைத் தைத்து வருகின்றனர். தமிழக அரசும் ‘புது யுகம்’ திட்டத்தின் வாயிலாக வளரிளம் பெண்களுக்கு விலையின்றி அணையாடை வழங்க முற்பட்டது.

இரத்தசோகையையும் மறத்தலாகாது. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 100-க்கு 53 பேர் இக்குறையுடையோர். மாதந்தோறும் கழியும் உதிரத்துக்கு ஈடாக உணவில் இரும்புச்சத்து சேரவேண்டும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு, மீன் ஆகியன நம் கைக்கு எட்டுவன. முதுநகர்த் துறைமுகத்து மீனைக் கூடையில் சுமந்து விற்கும் தாய், தன் தட்டிலும் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாற்றுடன் கொள்ளலாம். அதனையொட்டித் தேநீரும் காப்பியும் ஆகா.

உதிரப்போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தாலும், மணிக்கொருமுறை துணி நனைந்தாலும், வலியால் எழ இயலாவிடினும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிடினும், மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் கண்டாலும் தாமதியாது மருத்துவரைக் காண்க.

தொழிலிடத்தில் செய்யத்தக்கதும் உண்டு. ஜப்பான் நாடு 1947-ஆம் ஆண்டிலேயே மாதவிலக்கு விடுப்பைச் சட்டமாக்கிற்று. பீகார் அரசு 1992-இல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரு நாள் அளித்தது. மாதச் சம்பளம் பெறுவோர்க்கு இது எளிது. முழத்துக்கும் குழிக்கும் கூலி பெறும் நம்மவர்க்கு விடுப்பென்றால் கூலி இழப்பே. ஆகவே நாம் வேறு வழி காணவேண்டும். குழித்தறியில் மிதி மிதிப்பவள் வலி மிகுந்த இரண்டு நாள் தார் சுற்றட்டும். மற்றொருவர் தறியில் அமரட்டும். சேற்றில் குனிந்து நடுபவள் நாற்றுக் கட்டும் பணிக்கு மாறட்டும். வலியில்லாதவள் வழக்கம்போல் உழைக்கட்டும்; எவளையும் கட்டாயமாக ஒதுக்குதல் கூடாது. தறிக்கூடந்தோறும் நீருள்ள கழிப்பறையும் மூடியுள்ள குப்பைத் தொட்டியும் அமைத்தல் சங்கத்தின் கடமை.

சகோதரிகள் இன்றே நாட்காட்டியில் ஒரு புள்ளி வைத்துக் கணக்கைத் தொடங்குவார்களாக. ஆறு மாதத்தில் தம் உடலின் ஒழுங்கு தமக்கே விளங்கும். நூல் வாங்கும் நாளையும் நடவு நாளையும் அதற்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவில் கழிப்பறைக்கான தீர்மானத்தை ஆண் உறுப்பினர் ஒருவரே முன்மொழிவாராயின், அது சங்கத்துக்குப் பெருமையாகும்.