இளக்கியின் தொண்டு

சேலம் மாநகர் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்றது. கொலுசின் கண்ணிகளைப் பொருத்தும் தட்டார், இணைப்பு வாயில் முதலில் வெங்காரத்தை இட்டு, அதன் பின்னரே தீயை ஊதுவர். வெங்காரம் உருகிப் பரவி, ஆங்குள்ள மாசைக் கரைக்கும். காற்றுப் படாமல் மூடும். அந்நிலையில்தான் பற்றாசு உருகி ஓடி இரண்டையும் ஒன்றாக்கும். பற்றாசினை ஆசு என்றும் கூறுவர். முதற்குறட்கும் தனிச்சொற்கும் இடையே ஓசை இயையாதவழி ஓரசையோ ஈரசையோ இட்டு இணைக்கும் வெண்பாவை, ஆசிடை நேரிசை வெண்பா என்று யாப்பு நூலார் வழங்கினமை, இத்தொழிலின் தொன்மைக்குச் சான்றாகும்.

வெங்காரம்போல் மாசகற்றிக் காவல் புரியும் பொருளை இளக்கி என்பர். சிறு கொலுசுக்கு வெங்காரம் செய்யும் உதவியைப் பெரிய எஃகுக் கலங்களுக்குப் பிறிதோர் இளக்கி செய்கின்றது.

சேலத்திற்குத் தெற்கே உள்ள நாமக்கல், லாரித் தொழிலுக்கு நிலைக்களனாக விளங்குவது. சமையல் எரிவாயுவைச் சுமக்கும் நீண்ட உருளைக் கலங்களை உடைய லாரிகள் அவ்வூரினருக்கு மிகப் பலவாக உள்ளன. அக்கலத்தினுள் எரிவாயு அழுத்தத்தால் நீர்மமாகி அடைபட்டிருக்கும். தகடுகள் கூடும் இடத்தில் மயிரிழையளவு பிளவு தோன்றினும், செல்லும் வழியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் பேரிடர் விளையும். ஆதலின், அவ்விணைப்பு ஐயத்திற்கு இடமின்றி அமைதல் வேண்டும்.

இத்தகைய கலங்களின் தகடுகளை இணைக்கும் முறைகளுள் சிறந்தது மூழ்கு மின்வில் பற்றவைப்பு. இம்முறைக்கு 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை கோரப்பட்டது. இணைக்கவேண்டிய வாயின்மேல் இளக்கி மணல்போல் குவிக்கப்படும். அக்குவியலினுள் எஃகுக் கம்பி ஒன்று இடையறாது இறங்கும். கம்பியின் நுனிக்கும் தகட்டிற்கும் இடையே மின்வில் எரியும். ஏறத்தாழ 1500 பாகை செல்சியஸில் உருகும் எஃகு, அவ்வெம்மையில் நீராய் இளகும். ஆயினும் கண்ணைப் பறிக்கும் ஒளியும் தெறிக்கும் பொறியும் வெளியே தோன்றா. அனைத்தும் இளக்கியினுள் மூழ்கிவிடும். குவித்த இளக்கி சரிந்து விழாதிருத்தற்பொருட்டு, கருவியை மேலே நிறுத்திக் கலத்தையே உருளைகளின்மீது மெல்லச் சுழற்றுவர்.

இளக்கி செய்யும் பணிகள் பல. உருகிய எஃகைக் காற்றிலுள்ள பிராணவாயுவும் நைட்ரஜனும் தீண்டினால், இணைப்பு புழையுடையதாகவும் நொறுங்குவதாகவும் ஆகும். இளக்கி உருகிப் போர்வையாகி அவற்றைத் தடுக்கிறது. அதிலுள்ள மாங்கனீசும் சிலிக்கனும் எஃகிற் புகுந்த பிராணவாயுவைப் பற்றி நீக்குகின்றன. மாசுகள் கசடாய் மேலே மிதக்கின்றன. அக்கசடு எஃகினை மெல்ல ஆறச்செய்து, பின் கண்ணாடிபோல் இறுகுகிறது. அதனைத் தட்டி நீக்கினால் ஒழுங்கான இணைப்புக் காணப்படும். உருகாது எஞ்சிய இளக்கியைத் திரட்டி மீண்டும் பயன்படுத்துவர்.

மணற்சத்து, சுண்ணாம்பு, அலுமினா, மாங்கனீசு ஆக்சைடு முதலியன இளக்கியின் உறுப்புகள். மக்னீசியாவும் அவற்றுள் ஒன்று. சேலத்தை அடுத்த வெள்ளைக்கல் சுரங்கங்களிற் கிடைக்கும் மக்னசைட்டைச் சுட்டால், கரியமிலவாயு நீங்கி மக்னீசியா எஞ்சும். 2800 பாகைக்கு மேற்பட்ட வெம்மையிலேயே உருகும் இப்பொருள், உலைகளின் உட்புறச் செங்கற்கும் உதவுகின்றது. மக்னீசியா போன்ற காரப்பொருள் மிகுந்த இளக்கியால், இணைப்பு அடி தாங்கும் வன்மை பெறும்.

இத்துணைச் சிறப்புடைய இளக்கிக்கும் ஒரு பகை உண்டு; அதுவே ஈரம். இளக்கியில் நீர் கலந்திருப்பின், அது மின்வில்லின் வெம்மையாற் பிரிந்து ஹைட்ரஜனாகி எஃகினுட் புகும். இணைப்பு ஆறி, வேலை முடிந்து, பல மணி நேரம் சென்றபின்னும் அதனாற் பிளவு தோன்றக்கூடும். மேற்பார்வைக்கு அது புலப்படாமலும் போகலாம். ஆதலின், கைதேர்ந்த தொழிலாளர் இளக்கியை அடுப்பிலிட்டு உலர்த்திய பின்னரே பயன்படுத்துவர். எக்ஸ் கதிர் முதலியவற்றால் இணைப்பின் உள்ளமைப்பையும் ஆராய்வர். உலர்த்துவதில் ஒருவர் காட்டும் சிறு சோம்பல், என்றோ ஒருநாள் எங்கோ பலர் உயிருக்கு உலையாக முடியும்.

மாணவர்களே! கலம் ஓடுங்காலத்து இளக்கி அதன்மேல் இராது. கசடாய் உதிர்ந்து முன்னமே குப்பையிற் சேர்ந்திருக்கும். எனினும், கலத்தின் உறுதி அது செய்த தொண்டின் பயனே. அத்தொண்டு பழுதுறாமற் காப்பது, காண்பார் இல்லாவிடத்தும் கடமையில் வழுவாத தொழிலாளியின் நேர்மையே ஆகும்.