பரணில் கிடக்கும் பெட்டி பேசும்!

குன்னத்தூர் அம்மாயி சிங்கப்பூர் பேரனுடன் இண்டர்நெட்டில் பேசுகிறார். "சாப்பிட்டியா கண்ணு?" என்பதற்குள் குரல் அறுந்துவிடுகிறது! காரணம்? அடுத்த அறையில் சினிமா. வீட்டு ரூட்டர் பெட்டியில் அதன் பின்னால் பேச்சு வரிசையில் நிற்கிறது!

பரணில் பழைய ரூட்டர் கிடக்கிறதா? எறிந்துவிடாதீர்கள். லிங்க்சிஸ் கம்பெனியின் 'டபிள்யூஆர்டி54ஜி' இன்று தயாரிப்பில் இல்லை. அதை மாற்றி அமைத்துத்தான், 2005-ல் இமயமலைச் சாரலில் உள்ள தர்மசாலாவில் கட்டிடம் விட்டுக் கட்டிடம் பேச வழி செய்தார்கள். ஆண்டெனாவில் குரங்குகள் தொங்கியதுதான் தொல்லை!

பெட்டியின் அடியில் மாடல் எண் இருக்கும். அதற்கு 'ஓபன் டபிள்யூஆர்டி' என்ற இலவச மென்பொருள் உண்டா என்று விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள். உண்டென்றால், அதை ஏற்றி, பேச்சுக்கு முதலில் வழிவிடும்படி அமைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தப் பெட்டி வேண்டாம். கம்பெனி கவனிக்காத பெட்டியில் கள்ளன் நுழைவது சுலபம்.

கரண்டு போனால் பேச்சும் நிற்கும். மொபைலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.