கமராவும் வில்லையும் தெரிவு செய்யும் முறை

கல்லூரி விழா மலரொன்றிலே கமரா வாங்கும் முறையை விரித்துரைப்பது பொருந்துமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியும், 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையும், நெடுநாள் நீடித்த போரும் நம் மாவட்டத்து இல்லங்களிலிருந்து கொண்டுசென்றவற்றுள் நிழற்படங்களும் அடங்கும். 1990 செப்டெம்பர் 5 ஆம் நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. அவர்தம் உற்றார் நினைவு நாளிலே கையில் ஏந்துவது ஒரு படத்தையே. படம் பிடித்தல் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆதலின், இக்கலையில் ஆர்வமுள்ள மாணவரும் பழைய மாணவரும் தம் பொருளை வீணாக்காது நல்ல கருவி பெறுதற்கு உதவும் சில செய்திகளை ஈண்டுத் தொகுத்துக் கூறுவோம்.

டிஜிற்றல் எஸ்.எல்.ஆர். கமராவில், வில்லையூடாக வரும் ஒளியை உள்ளிருக்கும் ஆடி மேனோக்கித் திருப்ப, நாம் அக்காட்சியை நேரே காண்கின்றோம். பொத்தானை அழுத்தியதும் ஆடி உயர்ந்து, ஒளி உணரியின்மேல் விழுகின்றது. நிக்கோன், கெனன் ஆகிய இரு பெரு நிறுவனங்களும் இவ்வகையில் தம் இறுதித் தலைமை மாதிரிகளை 2020 ஆம் ஆண்டில் வெளியிட்டு, பின்னர் ஆடியில்லாக் கமராக்களின்பால் தம் கவனத்தைத் திருப்பிவிட்டன. இது நமக்கு இழப்பன்று. பலர் புதியதை நாடுவதால் பழைய கமராவும் வில்லையும் மலிவாகக் கிடைக்கின்றன. மேலும், ஆடியூடாகப் பார்ப்பதற்கு மின் வேண்டாமையால் மின்கலம் நெடுநேரம் உழைக்கும். நிக்கோன் டி 3500 ஒரே மின்னேற்றத்தில் 1,550 படங்கள் வரை எடுக்கும் என்பது அந்நிறுவனத்தின் கணிப்பு.

வாங்குவோர் முதலில் கேட்பது, எத்தனை மில்லியன் புள்ளிகள் என்பதே. இம்மலரினையொத்த ஏ 4 அளவுத் தாளில் செம்மையாக அச்சிடுதற்கு ஒன்பது மில்லியன் புள்ளிகளே போதும். பத்தாண்டு பழைய கமராவிலும் அதனின் மிகுதியாக உண்டு. முதலில் வினவவேண்டியது, யாம் எதனைப் படம் பிடிக்கப் போகின்றோம் என்பதாகும். அதற்கேற்ற வில்லையை முதலிலும், அவ்வில்லைக்கேற்ற கமராவை அடுத்தும் தெரிவு செய்தல் வேண்டும். கமரா சில ஆண்டுகளில் பழமை எய்தும். நல்ல வில்லையோ பல கமராக்களைக் கடந்து நிற்கும்.

நம் ஊர்களில் இரவு முழுதும் களரியில் ஆடப்பெறும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை எடுத்துக்கொள்வோம். கமராவுடன் வரும் 18–55 மில்லிமீற்றர் வில்லையின் வாயில், நீண்ட முனையில் எஃப் 5.6 அளவே திறக்கும். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையோ அதனிலும் ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதில் ஒரு செக்கனின் 25 இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படுமிடத்து, பின்னதில் 250 இல் ஒரு பங்கு போதும். முதலாவதில் சுழன்றாடும் வீரன் வெறும் நிழற்கோடாவான். இரண்டாவதில் அவன் முகபாவமும் முடியும் தெளிவுறத் தோன்றும். மின்னொளிப் பொறியை ஆடுவோர் கண்ணெதிரே பாய்ச்சுதல் ஆட்டத்திற்கும் இடையூறு. களரியின் இயல்பான ஒளியையும் கெடுக்கும். 50 மில்லிமீற்றர் வில்லை விலையிலும் எளியது. ஆர்வலர் இரண்டாவதாக வாங்குதற்கு அதனிற் சிறந்தது பிறிதில்லை.

வாவிக்கரையில் நிற்கும் கொக்கையும் நீர்க்காகத்தையும் எடுக்க விரும்புவோர்க்கு 250 அல்லது 300 மில்லிமீற்றர் வரை நீளும் வில்லை வேண்டும். எளிய கமராக்களின் உணரி பழைய படச்சுருளின் சட்டத்தினும் சிறியதாதலின், குவியத் தூரத்தை நிக்கோனில் 1.5 ஆலும், கெனனில் 1.6 ஆலும் பெருக்கிக் காட்சியின் பரப்பைக் கணிக்கலாம். கெனனில் 250 மில்லிமீற்றர் 400 போலக் காட்டும். கை நடுக்கம் தெரியாதிருக்க 400 இல் ஒரு செக்கன் அல்லது அதனினும் குறைந்த நேரம் வேண்டும். வில்லையிலுள்ள நடுக்கந் தணிக்கும் அமைப்பு நம் கையைத் தாங்குமேயன்றிப் பறவையின் சிறகை நிறுத்தாது. கோயில் திருவிழாவின் நெருக்கத்திற்கும் வயல்வெளிக்கும் முன்னர்க் கூறிய 18–55 வில்லையின் அகன்ற முனையே பெரிதும் போதும்.

வில்லையும் கமராவும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதை வாங்குமுன் அறிதல் இன்றியமையாதது. நிக்கோனின் டி 3000, டி 5000 வரிசைக் கமராக்களில் குவியப்படுத்தும் மோட்டார் இல்லை. ஏ.எஃப்.எஸ். என்னும் குறியுள்ள வில்லைகளில் மோட்டார் உள்ளேயே உண்டு. மோட்டார் அற்ற பழைய வில்லையைப் பொருத்தினால் கையாற் றிருப்பியே குவியப்படுத்தல் வேண்டும். கெனன் 1987 இல் வகுத்த ஈ.எஃப். வில்லைகள் அதன் டிஜிற்றல் எஸ்.எல்.ஆர். கமராக்கள் அனைத்திற்கும் பொருந்தும், ஈ.எஃப்.எஸ். வில்லைகள் பெரிய உணரியுள்ள கமராக்களுக்குப் பொருந்தா.

பாவித்த பொருளை வாங்குவோர், வில்லையூடாகக் கைவிளக்கொளியைச் செலுத்திப் பார்க்க. சிலந்தி வலை போன்ற இழைகள் தோன்றின் அது பூஞ்சணம், அவ்வில்லையை விலக்குக. வாயிலை எஃப் 16 அளவிற் சுருக்கி வெண்சுவரொன்றைப் படமெடுத்தால் உணரியிற் படிந்த தூசு கரும்புள்ளிகளாய்த் தெரியும். மூடி எத்தனை முறை இயங்கியது என்பதையும் வினவுக.

வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழும் நமக்கு ஈரக்காற்றே பெரும் பகை. மாரிகாலத்தில் வில்லையைத் தோற்பையிலும் அலுமாரியிலும் அடைத்து வையாது, காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தல் நன்று. அதனினும் முக்கியமானது, எடுத்த படங்களைப் பிரதி செய்து வெவ்வேறு இடங்களில் வைத்தலாகும். ஒரே பேழையில் இருந்தமையால் ஒரே நாளில் அழிந்த குடும்பப் படங்கள் நம்மிடையே பல.

விலையுயர்ந்த கருவிக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திராது, பாவித்த கமரா ஒன்றும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றும் கொண்டு இன்றே தொடங்குக. முதிய அண்ணாவிமாரும், வலை வீசுவோரும், நமக்குக் கல்வி புகட்டிய ஆசான்களும் நம்மிடையே உள்ளபோதே அவர்தம் உருவைப் பதிந்து, பெயரும் நாளும் குறித்துப் பேணுவோமாக.