நாற்பது பைட்டில் ஓர் ஊர்

சுங்கை பட்டாணியில் இருக்கிற பாக்கார் ஆராங்கைத் தமிழில் எழுத ஏழு எழுத்து போதும். மலாயில் 'பாக்கார்' சுடுவது, 'ஆராங்' கரி. இதே பெயர் பழைய திஸ்கி எழுத்துக் குறியாக்க முறையில் 11 பைட்டில் அடங்கும். இன்றைய யூடிஎஃப்-8 முறையில் 40 பைட் கேட்கிறது. 'கா' நமக்கு ஓரெழுத்து. கணினிக்கோ 'க' தனி, துணைக்கால் தனி, 'க்' தலைக்குமேல் வைக்கும் புள்ளியும் தனி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். நடுவில் விடும் இடைவெளிக்கு மட்டும்தான் ஒன்று.

சின்னக் கோப்பில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பல ஜிபி கொண்ட தமிழ்க் கோப்பில் ஒரு பெயரைத் தேடும்போதுதான் வினை. முழுவதையும் நினைவகத்தில் ஏற்றினால் மடிக்கணினி மூச்சுத் திணறும். அதற்குத்தான் மெமரி மேப்பிங். தோட்டத்து ஆபீசில் வருடக்கணக்கான செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, அலமாரியில் கிடக்கும். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எந்தப் பக்கம் வேண்டுமோ அதைத்தான் எழுத்தர் கிராணி விரிப்பார். இயங்குதளமும் கோப்பு முழுவதற்கும் முகவரி ஒதுக்கிவிட்டுச் சும்மா இருக்கும். நிரல் ஓரிடத்தைத் தொட்ட பிறகே அந்தப் பக்கம் வட்டிலிருந்து வரும். பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். கெட்டிக்காரத்தனமான சோம்பேறித்தனம் என்பேன்.

'ரீட் ஒன்லி' என்று திறந்தால் பார்க்கலாம், கிறுக்க முடியாது. மீறி எழுதப் போகும் சி நிரலை லினக்ஸ் அங்கேயே சாய்த்துவிடும். ஜாவாவில் 2002இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அது பிழை சொல்லி மறுக்கும். ஆனால் பூட்டு நம் கைக்கு மட்டும்தான். ஒருமுறை நான் படித்துக்கொண்டிருந்த பதிவுக் கோப்பை, நானே எழுதி மறந்துபோன இன்னொரு நிரல் வெட்டிச் சுருக்கிவிட்டது. இல்லாத பக்கத்தைத் தொட்ட என் நிரல் அந்த நொடியே செத்தது.

மேப் செய்த கோப்பைக் காட்டும் ஜாவாவின் பைட் பஃபர் ஒன்று 2,147,483,647 பைட்டுக்கு மேல் தாங்காது. பெரிய கோப்பைத் துண்டு துண்டாகத்தான் மேப் செய்ய வேண்டும். அப்போது எழுத்தே துண்டாகலாம். யூடிஎஃப்-8இல் 'க' என்பது 224, 174, 149. (ஜாவா பைட்டுக்குக் குறி உண்டு, 224ஐ -32 என்று காட்டிப் புதியவர்களைக் குழப்பும்.) 224 ஒரு துண்டிலும் மற்ற இரண்டும் அடுத்ததிலும் விழுந்தால் திரையில் கேள்விக்குறிதான். 128 முதல் 191 வரையுள்ள பைட் எல்லாம் எழுத்தின் வால். ஆகவே அடுத்த துண்டின் முதல் பைட் வாலாக இருந்தால், அந்த எண்களைத் தாண்டும்வரை பின்னால் நகர்ந்து, அங்கிருந்து அந்தத் துண்டைத் தொடங்க வேண்டும்.

தமிழுக்கு அதுவும் போதாது. 'பாக்கார்' இரண்டாவது துணைக்காலுக்கு முன்னால் வெட்டுப்பட்டால் பைட் ஒன்றும் சிதையாது; முதல் துண்டு 'பாக்க' என்று நம் பேச்சுத் தமிழாகவே முடியும். அடுத்த துண்டின் தலையில், புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கால் நிற்கும்.