561: எல்லாத் தேர்விலும் பாஸாகும் போலி

1729 என்றதும் நமக்கு ராமானுஜன் நினைவுக்கு வருவார். அதே 1729 இன்னொரு குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. அந்தக் குடும்பத்தின் தலைச்சன் 561. இந்தப் பதிவு அவரைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு பெரிய எண் பகா எண்ணா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆர்எஸ்ஏ பூட்டுக்கு இன்று 300 இலக்கத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் ஆயுசு பத்தாது.

குறுக்குவழி 1640-இல் ஃபெர்மா சொன்னது. 7 பகா எண். 2-ஐ 6 முறை பெருக்கினால் 64. 7-ஆல் வகுத்தால் மீதி 1. 3-ஐ 6 முறை பெருக்கினால் 729. மீதி மறுபடியும் 1. எந்தப் பகா எண்ணுக்கும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்கில் இப்படித்தான் வரும். 9-க்குப் போட்டுப் பாருங்க: 2-இன் 8-ஆம் அடுக்கு 256, மீதி 4. மாட்டிக்கிச்சு, 9 பகா எண் இல்லை.

சில பகு எண்கள் தப்பிக்கும். 341 = 11 × 31; அடிமானம் 2-இல் பாஸாகிவிடும், 3-இல் மாட்டும். சரி, அடிமானத்தை மாத்தி மாத்திப் பார்த்தா போதுமே?

போதாது. 561 = 3 × 11 × 17. இந்த மூன்றாலும் வகுபடாத எந்த அடிமானத்தை எடுத்தாலும், 560-ஆம் அடுக்கில் மீதி 1 வந்தே தீரும். 560-க்குள் இப்படி 320 அடிமானங்கள். காரணம் ரொம்ப எளிது. 3-க்கு 2-ஆம் அடுக்கிலும், 11-க்கு 10-ஆம் அடுக்கிலும், 17-க்கு 16-ஆம் அடுக்கிலும் மீதி 1 வரும். 560 என்பது 2, 10, 16 மூன்றுக்குமே மடங்கு. அதனால் மூன்று பேருமே ஒரே நேரத்தில் தலையாட்டிவிடுகிறார்கள்.

இந்த வகை எண்களுக்கான நிபந்தனையை 1899-இல் கோர்செல்ட் எழுதினார். 1910-இல் கார்மைக்கேல் உதாரணங்களோடு ஆராய்ந்ததால் அவர் பெயர் நிலைத்தது. இவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் 1994-இல் நிரூபித்தார்கள். ஆக, பட்டியல் போட்டு ஒதுக்கிவிடலாம் என்ற வழி அடைபட்டது. காரணிகள் எல்லாம் பெரிதாக இருக்கிற கார்மைக்கேல் எண் வந்தால் ஃபெர்மா சோதனையை ஆயிரம் முறை ஓட்டினாலும் ஏமாறத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒரு மென்பொருள்காரனா எனக்கு இதுல பிடிச்ச இடம் இதுதான்: தவறான கேள்வியை எத்தனை தடவை கேட்டாலும் பிழை வெளியே வராது. கேள்வியை மாற்றணும்.

மில்லர் 1976-லும் ராபின் 1980-லும் அதைத்தான் செய்தார்கள். வர்க்கத்தின் மீதி 1 என்றால், பகா எண்ணைப் பொறுத்தவரை மூல எண்ணின் மீதி 1 ஆகவோ அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவாகவோதான் இருக்க முடியும். இப்போது 560-ஐப் பாதி பாதியாகக் குறைப்போம். 2-இன் 280-ஆம் அடுக்கு: மீதி 1. 140-ஆம் அடுக்கு: மீதி 67. அதாவது 67 × 67 = 4489 = 8 × 561 + 1. வர்க்கத்தின் மீதி 1, ஆனா மூலம் 1-உம் இல்லை, 560-உம் இல்லை. குட்டு வெளிப்பட்டது! கூடவே ஒரு போனஸ்: 67-க்கு முன்பின் உள்ள 66, 68 இரண்டுக்கும் 561-ஓடு உள்ள மீப்பெரு பொதுக் காரணிகள் 33, 17. பெருக்கிப் பாருங்க, 561.

எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணாக இருந்தாலும், அடிமானங்களில் குறைந்தது முக்கால் பங்கு இந்தச் சோதனையில் அதைப் பிடித்துவிடும். தற்செயலாகத் தேர்ந்த 20 அடிமானங்களை வைத்துச் சோதித்தால், ஒரு பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

வீட்டுப்பாடம்: 1729 = 7 × 13 × 19. 1728-ஐ 6, 12, 18 மூன்றும் மீதியில்லாமல் வகுக்கிறதா என்று பாருங்கள்.