தாயின் பதகளிப்பும் பிள்ளையின் பயமும்

காலை ஆறரை மணி. பாடசாலைச் சீருடை போட்டாகிவிட்டது. சப்பாத்தைக் கையில் எடுத்தவுடன் “அம்மா, வயித்துக்குள்ள குத்துது” என்று எட்டு வயது மகள் அழத் தொடங்குகிறாள். முதல் நாள் பூச்சி மருந்து, அடுத்த நாள் ஓமத் தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி. வருத்தம் ஒன்றும் இல்லை என்கிறார் வைத்தியர். ஆனால் சனி, ஞாயிறில் அந்தக் குத்து வருவதில்லை.

தாயைப் பாருங்கள். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறியபோது அவளுக்குப் பதினைந்து வயது. இன்றும் வானத்தில் ஹெலி இரைந்தால் கை தானாகப் பிள்ளையை இழுத்து அணைக்கும். வான் பத்து நிமிடம் பிந்தினால் படலைக்கும் வீதிக்குமாக நடப்பாள். இரவில் மூன்று தரம் எழும்பிக் கதவுக் கொண்டியைப் பார்ப்பாள். இப்படியான தாய்மார் நம்மிடையே பலர்.

இது அவளுடைய பிழை அல்ல. ஷெல் விழுந்த காலத்தில் காதைத் தீட்டி வைத்திருந்தவர்கள்தான் பங்கருக்குள் முதலில் குதித்துத் தப்பினார்கள். அன்று உயிரைக் காத்த அந்த விழிப்பு, ஆபத்து நீங்கிய பின்னும் உடலை விட்டுப் போகவில்லை. பிள்ளைக்கோ யுத்தம் தெரியாது. தாயின் முகம் தெரியும். அம்மா பயப்படும் இடம் ஆபத்தான இடம் என்று அது கற்றுக்கொள்கிறது.

பிறகு ஒரு சுழல் தொடங்கும். பிள்ளை அழும், தாய்க்கு நெஞ்சு படபடக்கும். “சரி, இண்டைக்கு நில்” என்பாள். இருவருக்கும் உடனே ஆறுதல். ஆனால் போகாமல் இருந்ததால்தான் தப்பினேன் என்று பிள்ளையின் மனம் பதிந்துகொள்ளும். மறுநாள் பயம் இன்னும் கூடும்.

1998 இல் அவுஸ்திரேலியாவில் 67 பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு வெளியானது. சிறிய ஆய்வுதான். பெற்றோருக்கும் பதகளிப்பு இருந்த வீடுகளில், பிள்ளைக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தபோது முடிவில் 100 க்கு 39 பேரே குணமடைந்திருந்தனர். தங்கள் பயத்தைக் கையாளப் பெற்றோரையும் பழக்கியபோது அது 77 ஆயிற்று. பெற்றோருக்குப் பதகளிப்பு இல்லாத வீடுகளில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. 2020 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் பிள்ளையை விட்டுப் பெற்றோரை மட்டுமே பழக்கினார்கள். அதுவும் பிள்ளைக்கு நேரடியாகக் கொடுத்த சிகிச்சைக்குக் குறையாத பலன் தந்தது.

அப்படி என்ன பழக்கினார்கள்? பிள்ளையின் பயத்துக்காக வீட்டார் செய்யும் ஒத்தாசைகளைச் சிறிது சிறிதாகக் குறைப்பது. வகுப்பு வாசலில் மணிக்கணக்காகக் காத்திருப்பது, ஒரே கேள்விக்கு இருபது தரம் பதில் சொல்வது எல்லாம் இதில் அடங்கும். பாசத்தைக் குறைப்பதல்ல. “பயந்தாங்கொள்ளி” என்று ஏசவும் வேண்டாம், “ஒண்டுமில்லை” என்று மழுப்பவும் வேண்டாம். “பயமாத்தான் இருக்கும், அம்மாவுக்கு விளங்குது. எண்டாலும் உன்னால ஏலும்” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பகுதியும் வேண்டும்; முதற் பகுதி இல்லாவிட்டால் பிள்ளை இரண்டாவதைக் கேட்காது.

ஒரே நாளில் தள்ளிவிட வேண்டாம். இந்தக் கிழமை வகுப்பு வாசல் வரை போங்கள். அடுத்த கிழமை பாடசாலைப் படலை வரை. பிறகு சந்தி வரை. ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள். முதல் நாட்களில் அழுகை கூடத்தான் செய்யும். அப்போது இரங்கித் திரும்பக் கூட்டிவந்தால், கூட அழுதால் வீட்டுக்குப் போகலாம் என்றே பிள்ளை படிக்கும்.

அந்த நேரத்தில் தாய் நிலைகுலையாமல் நிற்க வேண்டுமே. அதுதான் கஷ்டம். படலையைத் திறக்க முதல் மூச்சை மெதுவாக உள்ளே எடுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள்; ஐந்தாறு தரம். உங்களுக்கே முடியாத நாளில் அம்மம்மாவோ சித்தியோ கூட்டிப் போகட்டும். காணாமல் போன கணவரை நினைத்து அழுதால், கண்ணில் தூசி என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்குத் தெரியும். “அப்பாவை நினைச்சன், கவலை வந்திட்டுது. கொஞ்சத்தால சரியாகும்” என்பது போதும்.

எல்லாப் பயமும் வருத்தம் அல்ல. பாடசாலையிலோ வழியிலோ யாராவது அடிக்கிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்று தனிமையில், ஏசாமல் கேளுங்கள். உண்மையான ஆபத்து இருந்தால் பிள்ளையைப் பழக்கக்கூடாது. ஆபத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

கிழமைக்கணக்காகப் பாடசாலை தவறினால், நித்திரையும் சாப்பாடும் குறைந்தால், வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போங்கள். கோயிலில் நூல் கட்டுவதென்றால் கட்டுங்கள், கிளினிக்கையும் விடாதீர்கள். போக வழியில்லாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். போனால் பிள்ளையின் வயிற்றுக் குத்தை மட்டும் சொல்லாமல், இரவில் மூன்று தரம் கொண்டி பார்ப்பதையும் சொல்லுங்கள்.